காலர் அளவுக்கு வெட்டிய அட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் சொன்னால் உன் காதில் பாதி விழாது, மாப்பிள்ளைதான் வாங்கிக் கேட்டு உனக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கூரியரில் நாளைக்கே வந்துவிடுமாம்.

ஏழாம் மாதத்தில் நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுக்க முடிகிறது, பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உனக்குச் சகஜம் இல்லை, குட்டிமா.

மூன்று வயதில் உன் வயிற்றைக் கிழித்து எடுத்தது குடலிறக்கம் அல்ல. நரம்பில் வந்த புற்றுக்கட்டி. உன் காதும் காய்ச்சலில் போகவில்லை, அந்தக் கட்டிக்குக் கொடுத்த மருந்தில் போனது. இன்னொரு மருந்து பிற்காலத்தில் இதயத்தைப் பலவீனமாக்கலாம் என்று டாக்டரம்மா அன்றே எச்சரித்தார். "வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க. நாளைக்கு இவ பிள்ளை உண்டானா, முதல் வேலையா இதைச் சொல்லணும்" என்றார். உனக்குப் பத்து வயதானதும் நான் போவதை நிறுத்திவிட்டேன். நீ ஓடியாடித் திரிந்தாய், எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று.

உனக்கு வரன் அமைந்த வாரம், உனக்குக் கொடுத்த மருந்தெல்லாம் எழுதியிருந்த ஆஸ்பத்திரி அட்டை ஃபைல் கண்ணில் பட்டது. யாராவது பார்த்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். துண்டுத் துணியைக்கூட வீணாக்காத தையல்காரன் அல்லவா உன் அப்பன்? நல்ல கனமான அட்டை என்று காலர் அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் கல்யாணச் சட்டைக்குக் காலர் வெட்டியதே அதை வைத்துத்தான்.

உன் கடிதம் வந்ததும் கடையிலுள்ள அளவு அட்டைகளை எல்லாம் தரையில் கொட்டித் தேடினேன். மருந்தின் பெயர் ஒரு துண்டில் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தார்கள் என்ற வரி கத்தரியில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டேன், அவ்வளவு பழைய காகிதங்களை வைத்திருப்பதில்லையாம். அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காலையில் மட்டும், "அவளுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

கிடைத்த துண்டை இதோடு வைத்திருக்கிறேன். உடனே இதய டாக்டரைப் பார். மாப்பிள்ளையிடம் பழியை என் மேல் போடு, அது உண்மையும்கூட. நீயும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தக்கூட எனக்கு வாய் கூசுகிறது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் உனக்குத் தோன்றும். டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிழி, அம்மா.

உன் அப்பா