கால்குலேட்டரின் மூடி

அன்பு மகளுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் நலம் என்று தொலைபேசியில் சொன்னாய், மூக்கடைத்த குரலில் சொன்னதால் முழுக்க நம்பவில்லை. வெந்நீர் குடி, ஈரத் தலையோடு படுக்காதே. நீ கேட்ட பழைய கால்குலேட்டரை இத்துடன் அனுப்புகிறேன். அதை எடுத்துப்போக நீயே வருவதாக முதலில் சொல்லியிருந்தாய், நானும் உன் அறையைத் துடைத்துக் கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு மாற்றியிருந்தேன். பிறகு, "லீவு கிடைக்கல, கூரியர்ல போட்டுடுங்கம்மா" என்றாய். சரி, பரீட்சைதான் முக்கியம். போன தடவை பாதிப் பரீட்சையில் உன் கருவி கண்ணை மூடியதும், பக்கத்துப் பெண்ணிடம் இரவல் வாங்கக் கூடாதென்று மேற்பார்வையாளர் தடுத்ததும், அந்த ஒரு தாளில் நீ தவறியதும் எனக்கு மறக்கவில்லை. இரண்டு கொண்டுபோகலாம் என்று விதியிலேயே இருக்கும்போது ஒன்றோடு போனது உன் தவறு. சொல்லிவிட்டேன், இனிச் சொல்ல மாட்டேன்.

புது பேட்டரி போட்டாயிற்று. கீழே இருக்கும் கடிகாரக் கடைக்காரர், "என்னம்மா, இந்த வயசுல பரீட்சையா?" என்றார். "எழுதினா உங்கள விட நல்லாவே எழுதுவேன்" என்றேன். அன்று முழுவதும் வேறு யாரோடும் பேசவில்லை, அதனால் அதையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பெரிய எண்களாகப் பார்த்துக் கையால் பெருக்கி, பிறகு கருவியில் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் விடை வேறாக வந்தது. பள்ளியில் சிஸ்டர் சொல்லித்தந்தபடி திரும்பப் போட்டதில் பிழை என்னுடையதுதான், கடைக்காரருக்குத் தெரிய வேண்டாம். பேட்டரி மாற்றினால் பழைய அமைப்புகள் அழிந்துவிடுமாம். எத்தனை தசம இடம் காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே சரிசெய்துகொள், தேர்வறையில் போய்த் தடவாதே.

பொட்டலத்தைப் பிரித்ததும் மூடியைத் தேடுவாய். நீ அனுப்பிய விதிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். மூடியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. கூடாத பொருளை எதற்கு அனுப்புவது, உன் மேசை மேல் வைத்திருக்கிறேன். கருவியை அப்பாவின் கைக்குட்டையில் சுற்றியிருக்கிறேன், பரீட்சை வரை அது போதும். அதற்கு மேல் மூடியில்லாமல் பையில் கிடந்தால் பொத்தான்களுக்குள் தூசி போய்விடும். ஆகவே பரீட்சை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதுதான் கருவிக்கு நல்லது.

ஆண்டவர் உன் கையைப் பதறாமல் காக்கட்டும். விரிப்பை நான் இன்னும் மடித்து வைக்கவில்லை. மூடியை மட்டும் கூரியரில் போடச் சொல்லாதே, போட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா