எங்கள் மாடிக்கு எத்தனை மார்க்

ஜூலை 16, 2025

புகையைக் குறைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்த பெரிய நாடுகள் எவ்வளவு செய்திருக்கின்றன என்று மாதாமாதம் அறிக்கை எழுதுவது என் வேலை. நிறுவனம் சென்னையில், நான் அருப்புக்கோட்டை வீட்டில். சீனா சோலாரையும் குவிக்கிறது, நிலக்கரி நிலையமும் கட்டுகிறது. அமெரிக்கா பருவநிலை ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. நம் நாட்டு மின் திறனில் பாதி சூரியன், காற்று, நீர், அணு என்றாகிவிட்டது. சொன்ன கெடுவுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே. ஆனால் ஓடுகிற கரண்டில் பெரும்பங்கு இன்னும் கரிதான். பாதி மார்க் போட்டுவிட்டு நிமிர்ந்தால் வீட்டுக்காரர் நிற்கிறார்.

"நம்ம மாடியிலயும் சோலார் போட்ருவோமா?"

"வேண்டாம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

ஜூலை 17

என் வீட்டுக்காரர் செல்வக்குமார் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறார். கரண்டு ஒழுங்காக வருவதால் ஈ ஓட்டுகிறார். இனி சோலார் விற்றால்தான் கடை நிற்கும். சொந்த வீட்டில் போட்டுக் காட்டினால்தான் ஊர் நம்பும்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் மார்க்கு போடுற, நம்ம மாடின்னா மட்டும் வேணாங்குற. கடைய மூடிட்டு உக்காரவா?"

நியாயம்தானே.

ஜூலை 20

அவருக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு அறிக்கைக்குள் புகுந்துகொண்டேன்.

ஜூலை 21

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். 2012. கல்யாணமான புதுசு. எந்நேரமும் கரண்டு கட். இதே வீட்டில் அப்போது எட்டுப் பேர். அவரோடு தனியாகப் பேச வழியேது? கரண்டு போனால் மட்டும், "காத்து வாங்கிட்டு வாரோம்" என்று இருவரும் மாடிக்கு ஓடுவோம். தண்ணீர்த் தொட்டி ஓரம், சூடு ஆறாத தரை. கடை வைக்கிற ஆசையை அங்கேதான் முதலில் சொன்னார். தெருவே கரண்டு ஆபீஸைத் திட்டும். நான் மட்டும், இன்னுங் கொஞ்ச நேரம் கழிச்சு வரட்டும் சாமின்னு கும்பிடுவேன். இப்போது கரண்டு இருக்கிறது. ஆளுக்கொரு போன் இருக்கிறது. அந்த இடத்தையும் பேனல் போட்டு அடைச்சுட்டா நான் எங்க போக— கிறுக்கச்சி! சோலாருக்கு மார்க் போடுகிறவள் இருட்டுக்கு ஏங்குகிறாள்.

ஜூலை 23

"போட்டுக்கங்க" என்றேன். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7

மாடியில் பேனலுக்கு இரும்புக் கால் நட்டார்கள். ஏன் இவ்வளவு உயரம்? வெல்டிங் வேலைக்கு வந்த இம்மானுவேல், "அண்ணந்தான்க்கா, கீழ ரெண்டு பேரு உக்கார எடம் வேணும்னாரு. செலவு கூடும்னு சொல்லியும் கேக்கல" என்றார்.

ஆகஸ்ட் 9

பேனல் ஓட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்டு போனது. இன்வெர்ட்டரும் வேலை செய்யவில்லை. இன்வெர்ட்டர் கடைக்காரர் வீட்டில்!

"மாடிக்கு வாரியா? காத்து வாங்கலாம்."

அதே தொட்டி ஓரம், பேனலுக்கு அடியில். கடையைப் பற்றி, என் சீனாவைப் பற்றி, என்னென்னவோ பேசினார். எத்தனை நாளாச்சு.

எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருவிளக்கும் எரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.