ஒரே வட்டம்

மிச்சிகன், நவம்பர் 8

அன்புள்ள தம்பி டெல்பர்ட்டுக்கு,

கவுண்டி வாக்குச் சரிபார்ப்புக் குழு இன்று காலை முடிவை உறுதி செய்துவிட்டது. வடிகால் ஆணையர் பதவியை மூன்று ஓட்டில் இழந்தேன். குழுச் செயலாளரே தொலைபேசியில் சொன்னார்.

குளிருக்குப் பயந்து நீங்கள் போயிருக்கும் ஃபுளோரிடாவில் வெயில் எப்படி? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. இங்கே உன் சோளக் காட்டுக்குப் பின்னால் போன வருஷம் நான் வெட்டவைத்த வாய்க்காலில் நீர் தேங்காமல் ஓடுகிறது.

நேற்று உன் வீட்டுக்காரி ஜூன் தொலைபேசியில் பேசினாள். தபால் ஓட்டைப் பற்றி அவளாகவே சொன்னாள்: "நல்லவேளை அண்ணி, ஓட்டுச் சீட்டுல மேல இருக்கிற கட்சி வட்டத்த மட்டும் நிரப்பி ரெண்டு பேரும் அனுப்பிட்டோம். அஞ்சு நிமிஷம்கூட ஆகல." கட்சி என்னைத் தள்ளிவிட்டு கெர்ட்டை நிறுத்தியதும், நான் தனியாக நின்றதும் அவளுக்கும் தெரியும். அந்த ஒரு வட்டத்தை நிரப்பினால் கட்சி நிறுத்திய எல்லாருக்கும், கெர்ட்டுக்கும் சேர்த்தே ஓட்டு போகும் என்பது உனக்குத் தெரியும். கீழே என் பெயருக்கு நேரே இன்னொரு வட்டத்தை நிரப்பியிருந்தால், கட்சிக்குப் போட்டதைத் தாண்டி அது எனக்கு வந்திருக்கும். இதையும் ஆகஸ்டில் உன் சமையலறையில் காட்டினேன். "அட போக்கா, எனக்கே பாடம் எடுக்கிறியா? என் ஓட்டு உனக்குத்தான்"னு சிரித்தாய். என் பெயர்ப் பலகையை உன் வாசலில் நீயே அடித்து நட்டாய். உங்கள் இரண்டு ஓட்டும் கெர்ட்டிடமிருந்து என் பக்கம் வந்திருந்தால் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பேன்.

காபிக் கடையிலும் அந்த வட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. "கண்ண மூடிக்கிட்டுக் குத்தறதுக்கு ஓட்டு எதுக்குடா? அந்த வட்டத்தையே சட்டத்துலேர்ந்து எடுக்கணும்" என்றாள் ஓப்பல். தானியக் கிடங்கு ஆர்வின் விடவில்லை: "நாள் பூரா மூட்ட தூக்கிட்டு வந்தவன் ரெண்டு பக்கமும் படிச்சுக்கிட்டு நிக்கணுமா? உனக்கு வேணும்னா நீ தனித்தனியாப் போட்டுக்கோயேன்." ஆர்வின் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு வட்டத்தின் மேல் கோபமில்லை. யாரோ முன்பின் தெரியாதவர்கள் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

வழக்கம்போல மான் வேட்டைக்கு வா. படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். பனியில் மெதுவாக ஓட்டு, ஜூனைத் தூங்கவிடாதே. அந்த ஒரு வட்டத்தோடு மறந்துபோய் நிறுத்தினாயா, தெரிந்தே நிறுத்தினாயா என்பதை மட்டும் என் முகத்தைப் பார்த்து நீயே சொல்.

மறு எண்ணிக்கைக்கு மனு கொடுத்திருக்கிறேன். அது இந்த மாதம் கடைசி செவ்வாய்க்கிழமை. உன் பதிலுக்கு நான் நாள் குறிக்கவில்லை.

நீங்கள் இருவரும் நலமாக வந்து சேர வேண்டும்.

உன் அக்கா,
மேவிஸ்