காட்டேரிப் படத்துக்கு நாம் போட்ட மார்க்

என் நூர்ஜஹானுக்கு,

உன் மகள் ரசியாவைச் சென்னையில் படத்தொகுப்புப் படிக்க நேற்றுதான் சேர்த்துவிட்டோம். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் முதலில் சொல்வேன்?

நேர்காணலில் பிடித்த படம் எது என்று கேட்டார்களாம். அம்மாவும் அவள் சிநேகிதிகளும் வீடியோ டெக்கில் பார்த்த கறுப்பு வெள்ளைக் காட்டேரிப் படம் என்றாளாம். அந்த மதியத்தை அவளிடம் எத்தனை தடவைதான் சொல்லி வைத்தாய்?

நாம் மூவரும் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தோம். குவைத்திலிருந்து லீவில் வந்த உன் அண்ணன் ஜபார், கூத்தாநல்லூர் வீட்டுக்கு டிவியும் டெக்கும் கொண்டுவந்திருந்தார். எங்கள் தெருப் பெண்கள் உங்கள் வீட்டுக்கு நெல் அவிக்க வருவார்கள், கொல்லைப்பக்கமாக. நீ என்னை வாசல் வழியாகக் கூட்டிப்போய் நம் வகுப்பு மல்லிகாவுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்காரவைத்தாய். உன் அம்மா எனக்கும் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார். நீ முன்பே பேசி வைத்திருந்தாயா? நீ கண்ணை மூடும்வரை நான் கேட்கவே இல்லை.

இங்கிலீஷ் படம். பாதி வசனம் நமக்குப் புரியவில்லை. சவப்பெட்டி மூடி நகர்ந்தபோது மல்லிகா என் கையைப் பிடித்தவள் படம் முடியும்வரை விடவில்லை. முடிந்ததும், பத்துக்கு எத்தனை, ஏன் என்று கேட்டாய்.

மல்லிகா அஞ்சு போட்டாள். நீ மூன்று. “ரத்தம் குடிக்க வந்தவன் தலைய இவ்வளவு அழகாச் சீவிக்கிட்டா வருவான்?”

நான், “நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

“அது மார்க் இல்ல செல்வி. ஏன்னு சொல்லு.”

அதுவரை என்னிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மெதுவாகச் சொன்னேன். “காட்டேரி இருக்குன்னு ஊருக்கே தெரியுது. வெளியூர்லேருந்து வந்த அந்தப் புள்ளகிட்ட மட்டும் யாரும் சொல்லல. எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டாங்க. எனக்குக் காட்டேரிய விட அந்த ஊரப் பாத்தாதான் பயமா இருந்துச்சு. எட்டு.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜபார் அண்ணன் சிரித்தார். “இங்கிலீஷ் படத்துக்கு மார்க் போடுற அளவுக்கு ஆயிட்டீங்களா?”

“ஆயிட்டோம்ணே. உட்காருங்க, நீங்களும் பாத்துட்டுப் போடுங்க” என்று கேசட்டைத் திரும்பச் சுற்றினாய். உன் குரலில் கோபமே இல்லை. அவர் உட்கார்ந்தார். சவப்பெட்டி திறந்ததும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். நாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தோம். முடிந்ததும் என்னைப் பார்த்து, “நீ சொன்னது சரிதாம்மா. அந்த ஊருதான் மோசம்” என்றார்.

இன்று கோர்ட்டில் எழுந்து நின்று பேசுகிறேன். சட்டம் கல்லூரியில் படித்தது. எழுந்து பேசலாம் என்ற தைரியம் உங்கள் ஹாலில் வந்தது. உன்னை நினைத்தால் அழுகையைவிடப் பெருமைதான் முந்திக்கொண்டு வருகிறது நூர்.

ரசியாவின் பெட்டியை நேற்று யார் தூக்கி வந்தது தெரியுமா? ஜபார் அண்ணன்தான். பெண்பிள்ளைக்கு எதுக்கு சினிமாப் படிப்பு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவரே பதில் சொல்லிவிட்டார். விடுதிப் படிவத்தில் கார்டியன் யார் என்று கேட்டபோது, ரசியா யாரையும் கேட்காமல் என் பெயரைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சாப்பாடு இங்கே சென்னையில் என் வீட்டில்தான். காய்ச்சல் என்றாலும் சண்டை என்றாலும் முதலில் போய் நிற்பது நானாகத்தான் இருக்கும். நீ நிம்மதியாக இரு.

ரசியாவுக்குச் சின்னம்மாவாகிவிட்ட
உன் செல்வி