வால் எலும்புக்கு அபராதம் இல்லை

மார்ச் 4, சனி

பிரஷர் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். பூட்ஸுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டாமல் உள்ளே விடமாட்டேன் என்று வாசலில் ஒருத்தி. உறையை விற்பவளும் அவளே. பக்கத்துக் குப்பைக் கூடையில் யாரோ கழற்றிப் போட்ட ஜோடி கிடந்தது. அவள் கண்ணெதிரே எடுத்து மாட்டிக்கொண்டேன். "இப்ப போங்க பாட்டி" என்றாள். சேற்று பூட்ஸ், அதற்கு மேல் அதைவிடச் சேறான உறை. விதிக்குத் திருப்தி. உள்ளே டாக்டர் வெறும் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். பிரஷர் கூடியிருக்கிறதாம். கூடாமல்?

திரும்பும்போது சந்தைக்கு எதிரே சாலையைக் கடந்தேன். கடப்பதற்கான வெள்ளைக் கோடு எங்கோ கிடக்கிறது, சந்தை இங்கே இருக்கிறது, நான் என்ன செய்ய? நட்ட நடுவில் விசில் சத்தம். திரும்பினால் தோலோன். என் கணவரின் தம்பி மகன். போக்குவரத்து போலீஸ் தொப்பி, அதற்குப் பொருத்தமாக ஒரு தொப்பை.

"பெரியம்மா! கோடு அங்க இருக்கு."

"எனக்குக் கண்ணு தெரியுது."

"சரி, பரவால்ல, போங்க. வழுக்கும், பாத்து."

"அபராதச் சீட்டு எழுது."

"உங்களுக்குப் போயா?"

"ஊருக்கெல்லாம் எழுதுறல்ல? எழுதுடா."

சிரித்தான். எழுதவில்லை. கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டான். எனக்காக நாலு லாரி நின்றது. என்ன அவமானம்!

என்னை மன்னிக்க இவன் யார்? இன்று அவன் என்னை விட்டால் நாளை நான் அவனை விடவேண்டும். அது நடக்காது.

மார்ச் 5

தூக்கமில்லை. அந்த எலும்பு மறுபடி நினைவுக்கு வந்துவிட்டது.

என் கிழவர் போய் ஒரு வருடம் நிறைந்த விருந்து, எத்தனையோ வருடத்துக்கு முன். ஆட்டில் எந்த எலும்பு யாருக்கு என்று எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். வால் எலும்பு சபையில் மூத்த பெண்ணுக்கு. முன்னங்காலின் கீழெலும்பு, நேற்று வந்த மருமகளுக்கு. பரிமாறியவன் இந்தத் தோலோன்தான், மீசை முளைக்காத வயசு, பச்சைச் சட்டை, இடது கையில் பொத்தான் இல்லை. வால் எலும்பைத் தன் அம்மா தட்டில் வைத்தான். என் தட்டில் கீழெலும்பு. என் புருஷனின் விருந்து, என் வீடு, என் ஆடு!

"சின்னப் பையன், விட்டுடு" என்றார்கள். அவன் அம்மா, என் ஓரகத்தி, அந்த எலும்பை நரம்புகூட மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். செத்தும் போய்விட்டாள். நான் விடவில்லை.

மார்ச் 7

போலீஸ் நிலையத்துக்கே போனேன். மேசையில் இருந்த பெண் திருப்பித் திருப்பிக் கேட்டாள்: "அபராதம் குறைக்கணுமா பாட்டி?"

"போடணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள், வேடிக்கை பார்க்க. கடைசியில் தோலோன் வந்தான். என் முகத்தைப் பார்த்தான், எழுதிக் கொடுத்தான்.

கட்டிவிட்டேன். ரசீது கிழவரின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சாலைக்கும் எனக்கும் பாக்கி இல்லை.

மார்ச் 19

பேத்தி பெர்மெத்துக்கு மே மாதம் கல்யாணம். விருந்தில் தோலோன்தான் பரிமாறவேண்டுமாம்.

"அவன் வந்தா நான் வரமாட்டேன்" என்றேன்.

"சித்தப்பா இல்லேன்னா எனக்கு விருந்தே வேணாம் பாட்டி."

என் மகன் மக்சத் ரஷ்யாவில் கூலி வேலைக்குக் கிடந்தபோது, இவளைப் பனியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் தோலோன். எனக்குத் தெரியாதா? நான்தான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

மக்சத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். அப்பா மாதிரியே.

மார்ச் 20

விருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். பிடிவாதக்காரி. யாரிடமிருந்து கற்றாளோ.

மார்ச் 26

பெர்மெத் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ரோட்ட தப்பாக் கடந்தீங்க, அபராதம் கட்டினீங்க, முடிஞ்சுது. சித்தப்பாவுக்கு என்ன அபராதம்? சொல்லுங்க, கட்டிடுவாரு."

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அந்தத் தப்புக்கு யார் சீட்டு எழுதினார்கள்? எங்கே கட்டுவது? விலை இல்லை, அதனால் தீரவும் இல்லை. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "படிக்கவெச்சா இப்படித்தான் பேசுவீங்க" என்றேன்.

பிறகு சொன்னேன்: வரட்டும், பரிமாறட்டும். ஆனால் அண்டா பக்கத்தில் நான் நிற்பேன். எந்த எலும்பு யாருக்கு என்று நான்தான் கை காட்டுவேன். அவன் தட்டைத் தூக்கி நடக்கும் வெறும் கால்.

கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சு முட்டியது.

மே 12

கட்டட முற்றத்தில் ஆடு அறுக்கக் கூடாது என்று பலகை தொங்குகிறது. அந்தப் பலகையின் ஆணியில்தான் மக்சத் ஆட்டை மாட்டித் தோலுரித்தான். கட்டடத் தலைவி ராயா மூன்றாம் மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கிவந்தாள்.

"இது குடியிருப்பா, கசாப்புக்கடையா? நகராட்சிக்கு எழுதிப் போடுறேன்!"

"ஈரல் சூடா இருக்கு ராயா" என்றேன்.

"...எவ்வளவு?"

ஈரல் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். நகராட்சியும் கூடவே போய்விட்டது. எங்கள் ஊரில் விதி மீறுவது இவ்வளவு சுலபம். விருந்து மேசையில் மீறினால்தான் ஆயுள் தண்டனை.

மே 14

எழுதத்தான் வேண்டும்.

நேற்று விருந்து. நான் அண்டா பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு கிழவிகள். ஒருத்தி நடுவில், வெல்வெட் கோட்டு, வாய் நிறையத் தங்கப் பல். இன்னொருத்தி சின்ன உருவம், சாதாரணத் தலைத்துணி, அடுப்போரம். வால் எலும்பை வெல்வெட்டுக்குக் கை காட்டினேன். அடுப்போரத்துக்குக் கீழெலும்பு. தோலோன் என் காதோரம் குனிந்தான்: "பெரியம்மா, ஒருவேளை..." "வெறும் கால்னு சொன்னேன்ல?" வைத்தான்.

வெல்வெட், மாப்பிள்ளையின் அத்தையாம். மாப்பிள்ளையைப் பெற்றவனைப் பெற்றவள், அடுப்போரக்காரி. முழங்கால் வலிக்கு சூடு தேடி அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் கறி வெட்டும் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். பேச்சு நின்றது. அந்த அமைதி எனக்குத் தெரியும், அதை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். பெர்மெத்தின் முகம் வெளுத்துவிட்டது. இன்று பெண் வீட்டுக் கிழவி செய்த அவமானம் என்று முடிந்தால், நாளை முதல் அந்த வீட்டில் அவளுக்கு எல்லா விருந்திலும் கீழெலும்புதான். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு!

தோலோன் அவள் முன்னால் மண்டி போட்டான்.

"மன்னிக்கணும் பாட்டி. எங்க பெரியம்மா சரியாத்தான் சொன்னாங்க, என் கைதான் மாத்தி வெச்சிருச்சு. இந்தக் கை முன்னாடியும் ஒரு தடவ இப்படிப் பண்ணிருக்கு. இன்னும் திருந்தல."

சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவன் முகம், தொப்பை, சட்டை, பொத்தான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மனதில் எடுத்துவைத்துக்கொண்டாள். பிறகு பெர்மெத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்து ஒரு துண்டு ஊட்டினாள்.

தோலோன் அண்டாவுக்குத் திரும்பி வந்தான். "அடுத்தது யாருக்கு பெரியம்மா?" என்றான், ஒன்றும் நடக்காதது போல.

"நீயே பாத்து வை" என்றேன். புகை கண்ணில் பட்டுவிட்டது.

மே 21

பெர்மெத் வந்துபோனாள். அந்த வீட்டில் நன்றாக வைத்துக்கொள்கிறார்களாம். அந்தக் கிழவி மட்டும், தோலோன் பரிமாறும் வீட்டில் இனி கை நனைக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளாம். அவன் சட்டையில் எத்தனையாவது பொத்தான் பிய்ந்திருந்தது என்பதுவரை சொன்னாளாம்.

நல்ல பெண்மணி. எனக்குப் பிடித்திருக்கிறது.

மே 27

சந்தைக்குப் போனேன். கோடு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இங்கேயே கடந்தேன். தோலோன் எதிர்ப்பக்கம் நின்றிருந்தான், விசில் உதட்டில். என்னைப் பார்த்தான், உடனே மலையில் ஏதோ இருப்பதுபோல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நடுச்சாலையில் நின்றேன். ஒரு லாரி காத்திருந்தது.

நடந்துவிட்டேன். சீட்டுக் கேட்கவில்லை.