அக்கரையில் கம்பளிப் பூ

ஜூலை 4
இன்றும் கம்பளிப் பூ தோண்டினோம். வேர் கட்டைவிரல் தடிமன், நல்ல மஞ்சள். தண்டு முழுக்க வெள்ளைப் பஞ்சு, பூ அடர் ரோஜா நிறம். டாக்னி அதைத் தாள்களுக்கு நடுவில் வைத்து அமுக்கினாள். இந்தப் பூ கிரீன்லாந்தில் எங்கெங்கே முளைக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பதற்காக டென்மார்க்கிலிருந்து வந்திருக்கிறாள். மூட்டை தூக்குவது நான். அடுத்து வடக்கே, மலைகளுக்கு நடுவே கடல் நுழைகிற ஃபியோர்டுக்குப் போகிறாள். ஒரு ஆளைத்தான் கூட்டிப்போவாளாம். நானா? தெரியவில்லை. இல்லையென்றால் மீன் ஆலை. அம்மா அங்கே சொல்லி வைத்துவிட்டாள்.

ஜூலை 6
"அக்கரையில, பறவைப் பாறைக்குக் கீழ இந்தப் பூ இருக்கா?" டாக்னி வரைபடத்தைப் பார்த்தபடியே கேட்டாள். புருவத்தை உயர்த்தினேன். அவள் நிமிரவே இல்லை. "தெரியாதா? சரி, விடு." அந்த இடத்தை அடித்துவிட்டாள். ஆமாம் என்றுதானே சொன்னேன்? எங்கள் ஊரில் ஆமாம் சொல்லப் புருவம் போதும். பள்ளி விடுதியிலும் இதே கதைதான். டேனிஷ் ஆசிரியர் கேட்பார், நான் புருவத்தை உயர்த்துவேன், அவர் அடுத்த பெண்ணிடம் போய்விடுவார். படிப்பைப் பாதியிலேயே விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 7
அம்மாவிடம் சொன்னேன். "ஏம்ப்பா, எங்கப்பா கத்துனா அக்கரையில நாய் குலைக்கும். நீங்க என்னடான்னா இப்படி" என்று சிரித்தாள். தாத்தா செத்தபின் உயராக் என்ற அவர் பெயர் எனக்கு வந்தது. அதனால் நான் அவளுக்கு அப்பா. அவள் தம்பி நூக்கா மாமாவுக்கும்தான்.

ஜூலை 9
டாக்னியிடம் சொல்லிவிட்டேன். அக்கரையில் இருக்கிறது என்று. நாளைக்குப் போகிறோம்.

ஜூலை 10
மாமாவின் படகில் போனோம். பூ இருந்தது, பாறைக்குக் கீழே ஈரத்தில் நிறைய. டாக்னி மண்டியிட்டு ஒன்றைத் தோண்டினாள். வேர் மெலிசு. பஞ்சு குறைவு. பூவும் வெளிறிய ரோஜா நிறம்.
"இது வேற இனம், உயராக். கம்பளிப் பூவோட தங்கச்சின்னு வெச்சுக்கயேன்."
நாங்கள் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வோம். பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சுகிற நாங்கள் வேரையா பார்ப்போம்?
மாமா படகிலிருந்தே, "அப்பா பேச்சக் கேட்டு வந்தேன். பெட்ரோலும் போச்சு, தூக்கமும் போச்சு" என்றார்.
ஏன் வாயைத் திறந்தேன்? சும்மா இருந்திருக்கலாம்ல — இனி மீன் ஆலைதான்.
டாக்னி அதையும் தாளில் வைத்து அமுக்கினாள். வேறு நிறத்தில் ஒரு புள்ளி வைத்தாள். திரும்பும் வழியில் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 11
மழை. வேலை இல்லை.

ஜூலை 14
டாக்னி வீட்டுக்கு வந்தாள். காபி குடித்துவிட்டு வடக்கு ஃபியோர்டு வரைபடத்தை மேசையில் விரித்தாள். "இங்க கம்பளிப் பூ இருக்குமா?" இந்த முறை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்று அம்மா எனக்காகப் புருவத்தை உயர்த்திக்கொண்டே இருந்தாள்.
"தெரியாது. நான் அங்க போனதே இல்ல" என்றேன். சத்தமாகவே.
அம்மா தலையில் கை வைத்தாள்.
"அப்போ போய்த்தான் பாக்கணும். நல்ல பூட்ஸ் வெச்சிருக்கியா?" என்றாள் டாக்னி.
வைத்திருக்கிறேன். மீன் ஆலைக்கு அம்மாவே போய்ச் சொல்லட்டும்.