ஒன்பதாவது கட்டம்

பிப்ரவரி 12

அன்புள்ள வாலு,

சாப்பிட்டாயா என்று கேட்க அம்மா இல்லை, அதனால் நான் கேட்கிறேன். சாப்பிட்டாயா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடும் என்று அம்மாதான் இந்தக் கடித ஏற்பாட்டைச் செய்துவைத்தாள். அவள் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. ஏற்பாட்டை நாம் கைவிட வேண்டாம்.

குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடிக் கூரை போன மாதமே முடிந்துவிட்டது. அம்மா இறந்த அன்று என் ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து நின்றார்களே! மேஸ்திரி வேலையை நிறுத்தி, கட்டட கேட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

உன் துறையின் அடுத்த டெண்டருக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். படிவத்தில் அந்த ஒன்பதாவது கட்டம்: 'துறையில் நெருங்கிய உறவினர் உண்டா?' வழக்கம்போல 'உண்டு. உடன்பிறந்த தங்கை, தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதனால் என் கோப்பு உன் மேசைக்கு வராது. தப்பித்தாய் போ.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணா,

சாப்பிட்டேன். இரண்டு நாளாகத்தான் சோறு இறங்கவில்லை.

உன் கோப்பைக் கவனிப்பவர் விடுப்பில் போய்விட்டார். சோதனைக்கூட அறிக்கைகள் கட்டாக என் மேசையில் வந்து விழுந்தன. உன்னுடையதைப் பிரிக்காமல் மேலதிகாரியிடம் கொடுத்திருக்க வேண்டும், விதி அதுதான். உன் கையெழுத்தைப் பார்க்கும் ஆசையில் பிரித்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

காங்கிரீட் ஊற்றும் ஒவ்வொரு நாளும் அன்றைய கலவையில் மூன்று கட்டிகள் வார்த்து, ஈரம் காயுமுன் தேதியைக் கீறி அனுப்ப வேண்டும். அவற்றை உடைத்துப் பார்த்துத்தான் கூரையை நம்புகிறோம். உனக்கே சொல்கிறேன் பார்.

மருத்துவமனைக் கூரை அறிக்கையோடு இணைத்த படத்தில் மூன்று கட்டிகளில் ஜனவரி 17 என்று இருக்கிறது. ஏழுக்குக் குறுக்கே கோடு. உன் கையேதான்.

அண்ணா, பதினேழாம் தேதி அம்மாவைத் தூக்கிச் சென்றோம். முன்னால் தோள் கொடுத்தவன் நீ. கேட்டுச் சாவி உன் சட்டைப்பையில் இருந்தது. அந்தக் கட்டிகளை வார்த்தது யார்?

ஏதாவது காரணம் சொல்லி என் வாயை அடைத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் வாலு


மார்ச் 2

வாலு,

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினைந்தாம் தேதி கலவை நன்றாக அமைந்தது. கூரை ஊற்றவிருந்த ஆறு நாளுக்கும் அதிலேயே கட்டிகள் வார்த்து, ஆறு தேதியையும் கீறி வைத்துவிட்டேன். இந்தத் தொழிலில் பாதிப்பேர் செய்வதுதான். அம்மா போனதும் பதினேழாம் தேதிக் கட்டிகளைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த நினைப்பே இல்லை. மற்றவற்றோடு சேர்ந்து அவையும் போய்விட்டன.

கூரை கெட்டி. சிமெண்டில் கை வைத்தவன் இல்லை நான், உனக்குத் தெரியும். நீ பார்க்கவே கூடாத கோப்பு அது. பார்க்கவில்லை என்று இருந்துவிடேன். எழுதிக் கொடுத்தால் நான் டெண்டர் எடுக்கத் தடை போடுவார்கள். இருபத்திரண்டு வருட உழைப்பு, வாலு.

நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மேஸ்திரி கேட்டார், சொன்னேன். "தங்கச்சி நம்மள விட்டுக் குடுக்காது சார், எந்திரிங்க" என்றார். நானும் எழுந்துவிட்டேன்.

உன் அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் பிரித்ததையும் சேர்த்துத்தான். எனக்கும் மெமோ வரும்.

மேலதிகாரி, "உங்க அண்ணன்தானேம்மா, நாளைக்கு யோசிச்சுக் குடுங்களேன்" என்றார். "நாளைக்குன்னா என்னால முடியாது சார்" என்றேன். அது சத்தியம்.

உன்னை நம்புகிறேன். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே நாற்பது குழந்தைகள் படுக்கப்போகிறார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது, அந்தக் கட்டிகளை மட்டும்தான் நம்ப முடியும். அவை சொல்வதோ பொய். கூரையைத் துளைத்துச் சோதிக்கப்போகிறார்கள். விளக்கம் கேட்டால் நடந்ததை நடந்தபடி எழுது.

நீ ஈரக் கட்டியில் பதினேழு என்று கீறியபோது அம்மா உயிரோடு இருந்தாள். அதையே நினைத்து நினைத்து அழுகிறேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் வாலு


மே 18

அன்புள்ள அண்ணா,

உன் பதில் வராமலே நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. நீ ஒன்றையும் மறைக்காமல் விளக்கம் எழுதியிருந்தாய் என்று சொன்னார்கள். கூரை நன்றாக இருக்கிறதாம். கேட்டதும் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். ஆனாலும் தடை மூன்று வருடம் என்று முடிவாகிவிட்டது.

வேறென்ன எழுத? சாப்பிட்டாயா?

உன் வாலு


ஜூலை 6

அம்மையீர்,

தங்கள் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன.

தடை நியாயம்தான். தேதி பொய் என்று நானே எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி வேறு இடம் பார்த்துக்கொண்டார். போகும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு இன்னொரு ஒப்பந்ததாரரிடம் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருக்கிறேன். தங்கள் துறையின் வேலைதான். வேலைக்குச் சேருகிறவர்களும் நிரப்ப வேண்டும் என்று அதே படிவத்தை நீட்டினார்கள். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'இல்லை' என்று எழுதினேன்.

அது பொய் என்றால், எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்